யானைமலையை நிலா வெளிச்சத்துல எடுத்தா பகல் மாதிரி வருது, ஏன்?

வயக்காட்டு நிலா:
எல்லாருக்கும் வணக்கம். மதுரை ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டுப் பக்கத்து வயல்ல இருந்து யானைமலையை முழு நீளத்துக்கும் பௌர்ணமி வெளிச்சத்துல எடுக்கணும். டார்ச், லைட் எதுவும் அடிக்காம நிலா வெளிச்சம் மட்டும். ஆனிப் பௌர்ணமி அன்னைக்கு ராத்திரி எட்டரைக்கு எடுத்த படத்தோட விவரம்: 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, கூட வந்த 18-55 லென்ஸை 18ல வச்சது, எஃப் 3.5 (லென்ஸ் துளை அளவு), 30 வினாடி, ஐஎஸ்ஓ 1600 (சென்சாரோட ஒளி உணர்வு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல் அமைப்பு) ஆட்டோ. குறை மூணு. பாறை வெளுத்துப்போய்ப் பட்டப்பகல் மாதிரி இருக்கு. மலை ஒரே தட்டையா, அட்டையில வெட்டி ஒட்டுனாப்புல இருக்கு. பெருசாக்கிப் பாத்தா நட்சத்திரம் எல்லாம் சின்னக் கோடா இழுத்திருக்கு, பாறை விளிம்பும் லேசா ரெட்டையாத் தெரியுது. எதை மாத்தணும்?

இருட்டறை:
முதல் குறைக்குக் காரணம் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குக் கொடுத்த ஒளியின் அளவுதான் தம்பி. உச்சி நிலா வெளிச்சத்தில் இருக்கும் நிலக்காட்சிக்கு எஃப் 3.5, ஐஎஸ்ஓ 800, 10 வினாடி வைத்தாலே பகல் படத்துக்குரிய அளவு கிட்டத்தட்ட வந்துவிடும். நீங்கள் வைத்தது அதைவிட இரண்டரை ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). யானைமலை மொட்டைப் பாறை, வெளிர் நிறம். சுற்றியுள்ள வயலையும் பனையையும்விட அதிக ஒளியைத் திருப்பி அடிக்கும். கேமராவின் மீட்டர் இருட்டான வயலைப் பார்த்து ஏமாந்தாலும் ஏமாறும், அதை நம்பவே வேண்டாம். மேனுவலில் 10 வினாடி, ஐஎஸ்ஓ 800ல் ஆரம்பித்து, அடுத்த படம் ஐஎஸ்ஓ 400ல் எடுங்கள். இரவு போல் தெரிவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எடுத்த படத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகியிருக்கும்போது மங்கலான படமும் பளிச்சென்று தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கரிக்கட்டையாக இருக்கும். திரை வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிட்டு ஹிஸ்டோகிராமை (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) மட்டும் பாருங்கள். குன்று நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும், ஆனால் இடது சுவரில் முட்டக் கூடாது.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. நிலா வெளிச்சம் என்பது சூரிய வெளிச்சம் பட்டுத் திரும்பி வருவதுதான், அதனால் போதிய எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் நீலமாகவும் வயல் பச்சையாகவும் வரத்தான் செய்யும். அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பிரிப்பதில்லை, ஆகவே சாம்பல் கலந்த நீலமாக உணர்கிறோம். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுத்து, ஒயிட் பேலன்ஸை 4000 கெல்வின் பக்கம் வையுங்கள். அதற்குக் கீழே 3200 வரை இறக்கி மலையை ஊதா ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாறைக்கு அது அநியாயம் என்பது என் கருத்து.

கிழக்குச்சீமை:
மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா ரெண்டாவது குறைக்கு, அதாவது மலை தட்டையாத் தெரியுறதுக்கு, கேமராவுல மருந்து கிடையாது. எந்த மாசத்துப் பௌர்ணமி, எத்தனை மணிங்கிறதுலதான் இருக்கு.

யானைமலை தென்மேற்குல இருந்து வடகிழக்கா நீளமாப் படுத்திருக்கு. மேலூர் ரோட்டுப் பக்கம் நீங்க பாக்குற முகம் தென்கிழக்கு முகம். ஆனி மாசம் சூரியன் வடக்க இருக்குறதால, அதுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிற முழுநிலா தெற்கத் தள்ளி, கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவுல கிளம்பும். ராத்திரி எட்டரைக்கு அது உங்க முதுகுக்குப் பின்னால நின்னு பாறை மேல நேரா அடிச்சிருக்கும். நிழலே விழாது. ஃபிளாஷ் போட்டு எடுத்த முகம் மாதிரிதான் வரும்.

மார்கழி, தை பௌர்ணமி தலைகீழ். நிலா கிழக்குல இருந்து வடக்க ஒதுங்கிக் கிளம்பி, மலையோட நீளவாக்குலயே ஏறும். வெளிச்சம் பாறையைத் தடவிக்கிட்டுச் சரிவாப் போறப்போ, மழைத்தண்ணி வழிஞ்ச கறுப்புத் தாரை, பாறை மடிப்பு, விளிம்புல நிக்கிற ஒத்தைச் செடி வரைக்கும் நிழலோட எழுந்து நிக்கும். நிலா அடிவானத்துக்கு மேல 25ல இருந்து 45 டிகிரி வரைக்கும் இருக்குற நேரம்தான் பொன்னான நேரம். நிலா மணிக்குச் சுமார் 15 டிகிரி ஏறும். அப்படின்னா உதிச்சு ஒண்ணே முக்கா மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சு, மூணு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும். மார்கழியில அதுக்கு மேல போனா நிலா உச்சந்தலைக்கு வந்துடும், மறுபடி தட்டை.

மார்கழி வரைக்கும் காத்திருக்க முடியலைன்னா, அதே ஆனிப் பௌர்ணமியில விடியக்காலை மூணு மணிக்குப் போங்க. நிலா தென்மேற்குல இறங்கி, மலையோட அந்தக் கோடியில இருந்து சாய்வா அடிக்கும். மதுரை ஊர் வெளிச்சமும் அந்தத் திசையிலதான், அதனால ஃபிரேமை வலப்பக்கமா ஒதுக்கிக்குங்க.

நாளும் முக்கியம். தினசரி காலண்டர்ல சதுர்த்தசியைப் பாருங்க. பௌர்ணமிக்கு முந்துன நாள் நிலா முக்கால் மணி நேரம் போல முன்னாடியே உதிச்சிடும், அதனால நல்லா இருட்டுறப்போ ஏற்கெனவே சரியான உயரத்துல இருக்கும்.

வயக்காட்டு நிலா:
ரொம்ப நன்றிண்ணே, மாசக் கணக்கு இப்பத்தான் புரியுது. ஒரு சந்தேகம். அஷ்டமி அன்னைக்குப் பாதி நிலா இருக்கே, பாதி வெளிச்சம்னு கணக்குப் போட்டு வினாடியை ரெட்டிப்பாக்குனா போதுமா? அப்புறம் அந்த ரெட்டை விளிம்பு?

இருட்டறை:
போதாது. பாதி நிலா முழு நிலாவில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் தரும். பக்கவாட்டில் வெயில் படும்போது நிலாவின் மேடுபள்ளங்கள் நிழலால் நிறைந்துவிடுகின்றன. பௌர்ணமியில் வெயில் நேராகப் படுவதால் நிழல் மறைந்து, நிலா திடீரென்று பிரகாசமாகிறது. ஆக அஷ்டமிக்கு மூன்று ஸ்டாப்புக்கு மேல் ஏற்ற வேண்டும், ஐஎஸ்ஓ 800 என்பது 6400ஐயும் தாண்டிவிடும். அந்த லென்ஸுக்கு துவாதசிக்கு முன்னால் போவதில் பயனில்லை.

நட்சத்திரக் கோட்டுக்கும் விடை அந்த 10 வினாடியிலேயே இருக்கிறது. 18 மி.மீ.யில் 30 வினாடிக்கு நட்சத்திரம் சென்சாரில் பத்து பிக்சல் போல நகரும். 10 வினாடிக்கு மூன்று பிக்சல்தான், கண்ணில் படாது.

ஓட்டுச்சில்லு:
ரெட்டை விளிம்புக்கு நான் சொல்றேன். வரப்புல டிரைபாட் வச்சிருப்பீங்க. தண்ணி பாய்ஞ்ச வரப்பு மண்ணுல கால் மெதுவா இறங்கிக்கிட்டே இருக்கும், 30 வினாடியில அரை மில்லிமீட்டர் போனாலும் போச்சு. உடைஞ்ச ஓட்டுச் சில்லு உள்ளங்கை அகலத்துல மூணு எடுத்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில வச்சு, மேல இருந்து ஒரு அழுத்து அழுத்துங்க. ஓடு மண்ணுல பதிஞ்சு நின்ன பிறகு ஒரு நிமிஷம் விட்டுட்டு எடுங்க. நடுத்தண்டை ஏத்தாதீங்க. கேமரா வாரைக் கழட்டிடுங்க, ஆடிக் காத்துக்கு அது படபடன்னு அடிச்சே படத்தைக் கெடுக்கும். பையை எடைக்குத் தொங்கவிட்டா அடிப்பக்கம் தரையைத் தொடணும், ஊஞ்சலா ஆடக் கூடாது. லென்ஸ்ல ஆட்டம் தடுக்கும் சுவிட்ச் இருந்தா டிரைபாட்ல ஆஃப் பண்ணிடுங்க, 2 வினாடி டைமர் வைங்க.

ஃபோகஸையும் சந்தேகப்படுங்க. ஆட்டோவுல நிலாவையே ஃபோகஸ் பண்ணிட்டு மேனுவலுக்கு மாத்தி, வளையத்துல ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க. ஜூமைத் தொட்டா மறுபடி முதல்ல இருந்து.

ரோட்டுல போற லாரி ஹெட்லைட் வயல்ல வீசும். கறுப்பு அட்டை ஒண்ணு கையில இருக்கட்டும். வெளிச்சம் வர்றப்போ லென்ஸைத் தொடாம முன்னால பிடிச்சு மறைங்க. மறைச்ச வினாடிகளுக்கு ஈடா இன்னொரு படம் எடுத்துக்குங்க.

மார்கழியில பனி லென்ஸ்ல இறங்கும். ஏசி கார்ல இருந்து கேமராவை உடனே வெளிய எடுத்தாலும் கண்ணாடி மூடிக்கும், அதனால பையை மூடினபடியே அரை மணி நேரம் வெளிய வச்சிடுங்க.

மலை மேல ராத்திரி ஏற வேணாம், அடிவாரத்து வயல்லயே எல்லாக் கோணமும் கிடைக்கும். நிலத்துக்காரர்கிட்ட பகல்லயே சொல்லிடுங்க. வரப்புல நடக்குறப்போ வெள்ளை டார்ச்சும் முழு ஷூவும் கட்டாயம். சிவப்பு டார்ச்சுல வரப்போரம் கிடக்குற கண்ணாடி விரியன் தெரியாது, சிவப்பு டார்ச் கேமரா பக்கத்துல போய் நின்ன பிறகு பட்டனைப் பாக்கறதுக்கு மட்டும்.