புதுப்பிப்பு: மேலூர்ப் பக்கக் கண்மாயில் தூண்டில் போட்ட கதை

போன வாரம், பிள்ளைகளோடு மீன் பிடிக்கப் போகலாமா, என்ன இரை வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிட்டோம்.

நண்பனின் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்து, மறுகரை மங்கலாகத்தான் தெரிந்தது. மீன் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். நண்பன் முதல் நாளே குத்தகைக்காரரிடம் கேட்டு வைத்திருந்தான். கேட்காமல் யாரும் தூண்டிலோடு போகாதீர்கள்.

இரை விஷயத்தில், மண்புழு என்று சொன்னவர்கள் சொன்னதுதான் சரி. மைதா உருண்டை தண்ணீரில் கரைந்துபோனது. மடைக்குப் பக்கத்தில் தக்கை அமுங்க, என் மகள் இழுத்தாள்: உள்ளங்கை அகலத்தில் ஜிலேபி மீன்! முதுகு முள் குத்தும், ஈரத்துணியால் பிடி என்று நண்பனின் அப்பா சொல்லிக்கொடுத்தார். தாய் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் என்றும் அவர் சொன்னார். அதைக் கேட்டதும் மகள் அந்த மீனைத் திரும்ப விடச் சொன்னாள். விட்டோம். எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

மதியம் வரை ஏழு ஜிலேபி, இரண்டு கெண்டை. விரால் சிக்கவில்லை. அப்புறம் நண்பன் வீட்டு அம்மா மண்சட்டியில் புளிக்குழம்பு வைத்தார்.

கரை வழுக்கும் என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி. சின்னவனை இடுப்பில் துண்டு கட்டிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.