முத்தையா தாத்தா வகையறா

பால்பாண்டி: செல்வத்துக்குக் காதுக்குள்ள கட்டியாமே. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் என்கிட்ட விசாரிக்கிறான். கேன்சர்ங்கிறான்

ராஜாத்தி: (குரல் பதிவு 0:47)

முருகன்: அம்மா அழாதீங்க

முருகன்: சித்தப்பா, குரூப்ல போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல

சாந்தி: ரிப்போர்ட் நேத்து ராத்திரிதான் வந்துச்சு. மறைக்கல சின்ன மாமா. தேனு, நீதான லேப்ல ரிப்போர்ட் எழுதுறவ, பாத்துச் சொல்லு (படம்)

கவிதா: மதினி, நியோபிளாசம்னு போட்டிருக்கே

தேன்மொழி: நியோபிளாசம்னா புதுசா வளந்த திசு. நல்ல கட்டிக்கும் அதே பேரு, கெட்டதுக்கும் அதே பேரு. கடைசி வரியப் பாருங்க: செருமினஸ் அடினோமா, குறும்பிச் சுரப்பியில வர்ற நல்ல கட்டி. எடுத்த துண்டுல பாத்த வரைக்கும் கேன்சர் இல்ல

ராஜாத்தி: முருகா காப்பாத்துனியேப்பா

முருகன்: நான் என்னம்மா பண்ணேன்

தேன்மொழி: பெரியம்மா, காதுக் குழாய் மொத்தமே ரெண்டரை செ.மீ. வெளிப்பக்கம் மூணுல ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ள மிச்சம் எலும்பு. குறும்பி சுரக்கிற சுரப்பி அந்த வெளிப்பக்கத் தோல்ல மட்டும்தான் இருக்கு. அதுவும் ஒரு வகை வேர்வைச் சுரப்பிதான், மாறிப்போனது. அதுல வளந்த கட்டி இது, 9 மி.மீ. மைக்ராஸ்கோப்ல ரெண்டு வரிசை செல் இருக்கணும். உள் வரிசையில மஞ்சளும் பழுப்புமா குறும்பிப் பொடி தெரியணும். ரெண்டுமே இருக்குன்னு எழுதியிருக்காங்க. கெட்டதுல பெரும்பாலும் அந்தப் பொடி இருக்காது. அண்ணனுக்கு எட்டு மாசமா காது அடைப்புன்னு சொட்டு மருந்துலயே ஓடிருச்சு

பால்பாண்டி: பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி மூணு சொட்டு. கரைஞ்சிரும்

ஜெயா: அண்ணே, சதை எடுத்த புண்ணு ஆறவே இல்ல. எண்ணெய், பட்ஸ், ஊக்கு எதுவும் உள்ள போகக்கூடாது. கட்டி எண்ணெய்க்குக் கரையாது, புண்ணுதான் சீழ் வைக்கும்

முருகன்: கேன்சர் இல்லைன்னா அப்படியே விட்டா என்ன? இன்னொரு டாக்டரு செருமினோமான்னு சொன்னாரு, ஓபிலயே சுரண்டி எடுத்துரலாம்னாரு

தேன்மொழி: சுரண்டவே கூடாது சின்னண்ணே. செருமினோமா பழைய பேரு, நல்லது கெட்டது எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டுறது. அந்தப் பேர்ல ரிப்போர்ட் வந்தா எந்த வகைன்னு கேளுங்க. இப்ப எடுத்தது 3 மி.மீ. துண்டு. கட்டி பக்கத்துத் திசுவுக்குள்ள பூந்திருக்கா, நரம்பைச் சுத்தியிருக்கான்னு ஓரத்தப் பாத்தாதான் தெரியும். துண்டுல ஓரமே இல்ல. அடினாய்டு சிஸ்டிக்னு ஒரு கெட்ட கட்டியும் இதே எடத்துல வரும், சின்னத் துண்டுல ஏமாத்தும். அதுக்குப் பெரும்பாலும் வலி இருக்கும். அண்ணே, வலி இருக்கா?

செல்வம்: இல்ல

செல்வம்: கேக்கதான் மாட்டேங்குது

தேன்மொழி: வலி இல்லாதது நல்லது, ஆனா அத மட்டும் நம்பி விட முடியாது. இந்தக் கட்டிக்கு உறை கிடையாது, அதனால சுத்தி நல்ல தோலும் கொஞ்சம் சேத்து வெட்டணும். 2004ல அமெரிக்க ராணுவ நோய்க்கூறு நிறுவனத்துக் கோப்புல 30 வருஷத்தத் தேடி 41 பேரச் சேத்தாங்க. 4 பேருக்குத் திரும்ப வந்துச்சு, நாலுமே முழுசா எடுக்காம விட்டது. கடைசியாப் பாத்தப்ப 41 பேர்ல யாருக்குமே கட்டி இல்ல

கவிதா: அப்பாடா

ராஜாத்தி: கரண்டு வைப்பாங்களா

தேன்மொழி: வேண்டாம் பெரியம்மா. நல்ல கட்டிக்குக் கதிர் கிடையாது, ஆபரேஷன் மட்டும்தான். அதுக்கு முன்னாடி சிடி, எலும்பு அரிச்சிருக்கான்னு பாக்க. எம்ஆர்ஐ மருந்து ஏத்தி எடுக்கணும். காதுக்கு முன்னாடி எச்சில் சுரப்பி இருக்குல்ல, அங்க வர்ற கட்டி சில சமயம் குருத்தெலும்புச் சந்து வழியா காதுக்குள்ள எட்டிப் பாக்கும். இது அது இல்லைன்னு உறுதி பண்ணணும்

முருகன்: காப்பீட்டு அட்டை செல்லுமா

சாந்தி: கவுண்டர்ல கேக்கச் சொல்லியிருக்காங்க

ஜெயா: சாந்தி, பழைய பிளாக் (மெழுகுல பதிச்ச சதை), ஸ்லைடு (அத சீவி ஒட்டுன கண்ணாடி) ரெண்டையும் அந்த லேப்ல எழுதிக் குடுத்து வாங்கிரு. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது

தேன்மொழி: ஆமா அத்தை. எடுத்த கட்டிய சலைன்லயோ ஸ்பிரிட்லயோ போடக் கூடாது. 10 சதவீத ஃபார்மலின், கட்டிக்குப் பத்து மடங்கு. செவிப்பறைப் பக்கம் ஒரு நூல் தையல் அடையாளம் வேணும். இல்லேன்னா ஓரத்துல கட்டி இருக்குன்னு நாங்க எழுதினாலும் எந்த ஓரம்னு தெரியாது, திரும்பக் காதைத் தெறந்தா எங்க வெட்டுறது?

ஜெயா: அதோட, காதுக்குப் பின்னாடிதான் கீறுவாங்க. தோல் எடுத்த எடத்துல மெல்லிசா வேற தோல் ஒட்டி, காது வாயை அகலப்படுத்தி, மருந்து தோய்ச்ச மஞ்ச நாடாத்துணி அடைச்சிருவாங்க. ரெண்டு வாரம் போல இருக்கும். நெடி அடிக்கும், பயப்படாதீங்க. துணி நகந்தா தோல் ஒட்டாது. ஒட்டலேன்னா குழாய் சுருங்கி மறுபடி அடைப்புதான். குளிக்கையில பஞ்சுல வாசலின் தடவி வைக்கணும், தலைக்கு ஊத்தவே கூடாது

கவிதா: அய்யோ. ஆவணி 20 என் பையனுக்குக் காதுகுத்து!

முருகன்: பின்பக்கம் முடி எடுப்பாங்கல்ல. மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே நாள்ல மொட்டை

ராஜாத்தி: சிரிக்கிற நேரமாடா இது

பால்பாண்டி: மூத்தவனுக்கு முடியலேன்னா முருகன் மடியில உக்காரட்டும்

சாந்தி: மொத மொட்டைக்கும் இதான நடந்துச்சு சின்ன மாமா

பால்பாண்டி: அன்னைக்கு அவன் லேட்டா வந்தான்

சாந்தி: வண்டி சொல்லாம விட்டது யாரு

ராஜாத்தி: விடுங்க

செல்வம்: தோடு நான்தான் வாங்குறேன். ரெண்டு கிராம். அது மாறாது

கவிதா: அண்ணே, எனக்குத் தோடு முக்கியமில்ல

முருகன்: கிடா ஒண்ணா ரெண்டா? ஆளு முன்பணம் கேக்குறான்

தேன்மொழி: கிடா அப்பறம். எம்ஆர்ஐ தேதி யாரு வாங்குறீங்க?

முருகன்: நாளைக்கு நான் போறேன்

ஜெயா: ஆவணி மொத வாரத்துல பண்ணுனா 20க்குத் துணி எடுத்திருப்பாங்க. கூட்டத்துல உக்காரலாம். மேளம் பக்கத்துல வேண்டாம், முங்கிக் குளிக்க வேண்டாம்

தேன்மொழி: அத்தை, தேதி வரட்டும். முழு ரிப்போர்ட்டுல ஓரம் சுத்தம்னு வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுக்கப்பறமும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா காதைப் பாக்கணும், வருஷக் கணக்குல. மெதுவா வளர்ற கட்டி, திரும்ப வந்தாலும் மெதுவாத்தான் வரும்

பால்பாண்டி: ஐப்பசிக்குத் தள்ளுனா?

ராஜாத்தி: கோயில்ல சொல்லியாச்சு தம்பி

கவிதா: பத்திரிகைக்காரன் இன்னைக்குச் சாயங்காலம் ப்ரூஃப் கேக்குறான். தாய்மாமன் பேரு ரெண்டும் போடவா?

சாந்தி: மூத்தவர் பேரு மேல