தாய் பன்னிக்கு காய்ச்சல், ஊசிக்கு அடங்கல, ஒண்ணு செத்துருச்சு, அவசரம்

கூடலூர் பண்ணை:
9 தாய் பன்னி, 40 குட்டி இருக்கு. முந்தாநேத்து ரெண்டு தாய் பன்னி தீனி எடுக்கல, காய்ச்சல் 106, காதும் வயித்தடியும் செவந்து நீலம் பாய்ஞ்ச மாதிரி இருக்கு, ஆன்டிபயாட்டிக் போட்டும் எறங்கல, இன்னைக்கு காலைல ஒண்ணு செத்துருச்சு. பன்னிக்காய்ச்சல் தடுப்பூசி வருசா வருசம் போடறேனே, அப்புறம் எப்படிண்ணா? வியாபாரி மிச்சத்த இன்னைக்கே வண்டில ஏத்திக்கறேங்கறார், குடுத்துடவா?

சேலம் அண்ணன்:
தம்பி ஒரு குட்டிகூட வெளிய போகக்கூடாது. நீங்க போட்ட ஊசி சாதா பன்னிக்காய்ச்சலுக்கு, இது ஆப்பிரிக்கன் பன்னிக்காய்ச்சலா இருக்கலாம், அது வேற வைரஸ், அதுக்கு இந்த ஊசி கேக்காது, மருந்தும் கிடையாது. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், லேப்ல பார்த்தாத்தான் தெரியும். ஆப்பிரிக்கன் காய்ச்சல் 2022 ஜூலைல வயநாடு மானந்தவாடி பண்ணைல வந்துச்சு, 2023 ஜனவரில முதுமலைல காட்டுப்பன்னிங்க செத்துச்சு, ரெண்டும் உங்களுக்கு பக்கம்தான். உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க. செத்தத அறுத்து பார்க்காதீங்க, ரத்தம் பூரா வைரஸ் இருக்கும். மனுசனுக்கு ஒட்டாது, அந்த பயம் வேணாம்.

கூடலூர் பண்ணை:
டாக்டர் மதியம் வர்றார். ஆனா புதுசா பன்னி எதுவும் வாங்கலண்ணா, ஹோட்டல் வேஸ்ட்தான் போடறேன், வியாபாரி செட்டுக்குள்ள வந்து எடை பார்ப்பார், அவ்ளோதான்.

நாமக்கல் அக்கா:
அந்த ரெண்டுமே வழிதான் தம்பி. வேஸ்ட்ல பன்னிக்கறி துண்டு ஒண்ணு கெடந்தாலே போதும், ஃப்ரீசர்ல வச்சாலும் உப்பு போட்டாலும் இந்த வைரஸ் மாசக்கணக்குல சாகாது. போட்டே ஆகணும்னா 90 டிகிரில கிண்டிக்கிட்டே 1 மணிநேரம் காய்ச்சணும், சும்மா சூடு காட்டறது ஆகாது, என்னை கேட்டா நிறுத்திடுங்க. வியாபாரி நேத்து எந்த செட்ல நின்னாரோ அந்த சாணி அவர் செருப்புல இருக்கும், இனி எப்ப வித்தாலும் வண்டி கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும், பன்னிய நாமதான் ஓட்டிட்டு போய் ஏத்தணும். செட்டுக்குள்ள மட்டும் போட ஒரு பூட்ஸ் வைங்க. சாணி அப்பின பூட்ஸ மருந்து தண்ணில முக்கினா பிரயோஜனமில்ல, தேய்ச்சு கழுவிட்டு முக்கணும், நாங்க இத தெரியாம ரொம்ப நாள் ஏமாந்தோம்.

கூடலூர் பண்ணை:
வியாபாரிய வரவேணாம்னு சொல்லிட்டேன்க்கா. செத்தது இன்னும் செட்லதான் கெடக்கு, நாய் சுத்துது.

சேலம் அண்ணன்:
நாய கட்டுங்க, தார்ப்பாய் போட்டு மூடி கல்லு வைங்க. டாக்டர் சாம்பிள் எடுத்தப்புறம் அவர் சொல்ற எடத்துல ஆழக்குழி, சுண்ணாம்பு போட்டு மூடணும், ஓடை பக்கம் வேணாம். அரசே அழிக்க சொன்னா இழப்பீடு உண்டு, அதனால எத்தனை உருப்படின்னு இப்பவே எழுதி வைங்க.