உடை பற்றிய அறிவுரை: எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது?

வெள்ளைச் சட்டை அணிந்து வரலாமா என்று ஒரு பெண் தொலைபேசியில் மிகுந்த தயக்கத்துடன் கேட்டார். கருநிறத்தவர் வெள்ளை உடுத்தினால் படத்தில் முகம் எடுபடாது என்று வேறொரு ஒளிப்படக் கலைஞர் அவரிடம் சொல்லியிருந்தாராம். அதை நம்பி, தமக்கு மிகவும் பிடித்த நிறத்தை அவர் பல ஆண்டுகளாகப் படமெடுக்கும் நாள்களில் ஒதுக்கியே வந்திருக்கிறார். அதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது.

அவருடைய பழைய படங்களில் முகம் இருண்டிருந்ததற்கு அவரது நிறம் காரணமில்லை, சட்டையும் காரணமில்லை. கேமராவினுள் இருக்கும் ஒளிமானி, எதிரே உள்ள காட்சி மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்ற கணக்கில்தான் வெளிச்சத்தை அளக்கிறது. படத்தின் பெரும்பகுதியை வெள்ளைத் துணி நிறைத்துவிட்டால், வெளிச்சம் அதிகம் என்று கருதி அது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைக்கிறது. துணி சாம்பல் பூத்துப்போவதோடு முகமும் சேர்ந்து இருள்கிறது. கறுப்பு உடையில் இதற்கு நேர்மாறாக முகம் வெளுத்துவிடும். கையடக்க ஒளிமானியை முகத்தருகே பிடித்து, அங்கே விழும் ஒளியை அளந்து எக்ஸ்போஷரை நாமே அமைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அந்தப் பெண் வெள்ளையிலேயே வந்தார். விளக்கை முகத்துக்கு அமைத்து, மார்புப் பகுதியில் விழும் ஒளியை மட்டும் ஒரு கறுப்பு அட்டையால் சற்றே தடுத்தேன். நெசவின் இழைகூட வெளுத்துப்போகாமல் படத்தில் பதிந்தது. கீழிருந்து சட்டை திருப்பிய ஒளி தாடைக்கடியில் இருந்த நிழலை இளக்கி, உண்மையில் முகத்துக்கு உதவியே செய்தது.

உடை குறித்து நாம் சொல்லும் பல விதிகள், விளக்கையும் அளவீட்டையும் கொண்டு நாம் செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளரின் அலமாரி மேல் ஏற்றிவிடுகின்றன என்றே நான் கருதுகிறேன். விளக்கால் சரிசெய்ய முடியாதவற்றை மட்டும், காரணத்தோடு சொன்னால் போதும்.

அப்படிப்பட்டவற்றுள் முதன்மையானது மிக நுண்ணிய கோடும் கட்டமும் கொண்ட துணி. அலுவலகப் படத்துக்காக வந்த ஒருவர் புதிதாகத் தைத்த, நெருக்கமான கட்டம் போட்ட கோட்டு அணிந்திருந்தார். துணியின் நெசவும் சென்சாரில் உள்ள பிக்சல்களின் வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது, துணியில் இல்லாத அலைவரிகளும் வண்ணத் திட்டுகளும் படத்தில் தோன்றும். மோய்ரே என்பது இதுதான். 2012இல் வந்த நிக்கான் டி800இ கேமரா, கூர்மைக்காக இதைத் தணிக்கும் வடிகட்டியின் விளைவை நீக்கியது. பிறகு வந்த கேமராக்கள் பலவற்றில் அந்த வடிகட்டியே கிடையாது. தொலைவையும் கோணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சில படங்களில் அந்த அலைவரி மறைந்தது, இணையத்துக்காகப் படத்தைச் சிறிதாக்கியபோது மீண்டும் முளைத்தது. ஆகவே உடையின் துணியை அருகிலிருந்து எடுத்த படமொன்றை முன்னதாகவே அனுப்பச் சொல்லி இப்போது கேட்டு வாங்குகிறேன்.

பளீரென்ற பச்சை மேலாடை கழுத்தருகே இருந்தால் அதன் சாயல் தாடையில் படியும் என்பதையும், வெயிலில் கறுக்கும் கண்ணாடி அணிபவர் வெளிப்புறப் படத்துக்குச் சாதாரணக் கண்ணாடியையும் கொண்டுவர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பை ஒல்லியாகக் காட்டும் உடை எது என்று மட்டும் நானாக எவரிடமும் பேசுவதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வருபவர் கேமராவுக்கு முன்னால் தோளைக் குறுக்கிக்கொண்டே நிற்பார். தோளைச் சற்றுத் திருப்பி நிற்கச் செய்வதும் பக்கவாட்டு ஒளியும் நம் பொறுப்பு.

மறுமொழி:

மேலே சொன்னது குடும்பப் படங்களுக்கும் பொருந்தும் என்பதால் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். அனைவரும் ஒரே நிறம் அணிய வேண்டுமா என்று கேட்பவர்களிடம், தேர்ந்தெடுத்த உடைகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, கைபேசியில் ஒரு படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி அனுப்புமாறு சொல்கிறேன். வேறு வேறு நிறங்கள்கூட வெளிச்ச அளவில் ஒத்துப்போவது அப்போது தெரியும். மற்றவற்றினும் மிக வெளிறிய உடை எது என்பதும் தெரியும். பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். ஒரு குடும்பத்தில் அது பாட்டியின் உடையாக இருந்தது. அவரை மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, ஓரத்தில் நிறுத்த நினைத்திருந்த பாட்டியை நடுவில் அமரவைத்து, மற்றவர்களை அவரைச் சுற்றி நிறுத்தினேன்.