மறுமொழி: 'பிரிஃபரென்ஷியல் ஆக்சஸ்' தமிழில் எப்படி?

> 'வரிச்சலுகை' என்றே வைத்துக்கொள்ளலாமே? இலங்கைப் பத்திரிகைகள் 'ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை' என்றுதானே எழுதுகின்றன?

ஜி.எஸ்.பி. பிளஸ் என்பது வளரும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் கூடுதல் சுங்கவரிச் சலுகை. செய்திக்கு அது சரி. பொருளியல் பாடநூலுக்குப் போதாது. வரிச்சலுகை என்றதும் ஏற்றுமதியாளருக்கு அவருடைய அரசே வரியைக் குறைத்ததாக மாணவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் 'பிரிஃபரென்ஷியல் ஆக்சஸ்' என்றால், வாங்கும் நாடு குறிப்பிட்ட சில நாடுகளின் சரக்குக்குத் தன் சுங்கவரியை விட்டுக்கொடுக்கிறது. மிச்சப்படுவது முதலில் அங்குள்ள இறக்குமதியாளருக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுங்கவரி 12%. 4 யூரோ மதிப்புள்ள ஒன்று சீனாவிலிருந்து ஹாம்பர்க்கில் இறங்கினால் வரி 48 சென்ட். வங்கதேசத்திலிருந்து போனால் வரியே இல்லை. 10,000 உருப்படிக்கு 4,800 யூரோ! ஆர்டர் டாக்கா பக்கம் திரும்புவதற்கு மலிவான கூலி மட்டும் காரணமில்லை.

ஆனால் 2001இல் வங்கதேசம் போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஐரோப்பா ஆயுதம் தவிர மற்றெல்லாவற்றுக்கும் கதவைத் திறந்தபோதும் எல்லா ஆடையும் வரியின்றி உள்ளே போய்விடவில்லை. ஒரு சரக்கு எந்த நாட்டில் உருவானதாகக் கொள்ளப்படும் என்று சொல்லும் 'ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்' குறுக்கே நின்றது. தைத்தால் மட்டும் போதாது, துணியும் உள்நாட்டில் உருவாகியிருக்க வேண்டும். பின்னலாடைக்கு வங்கதேசத்திலேயே நூலும் துணியும் இருந்தன. நெய்த சட்டைக்கும் கால்சட்டைக்கும் துணி பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததால், அவற்றில் பெரும்பகுதிக்குச் சலுகையைக் கோரவே முடியவில்லை. 2011இல், வெட்டித் தைத்தாலே போதும் என்று விதி தளர்ந்த பிறகுதான் அவற்றுக்கும் வழி பிறந்தது.

அதனால் என் முன்மொழிவு: 'சலுகை நுழைவு'. சரக்கு உள்ளே போவதுதான் இங்கே மையம். 'முன்னுரிமை' வேண்டாம், வரிசையில் முந்துவதுபோல் ஒலிக்கிறது. 'அணுகல்' ஏற்கெனவே கணினித் துறையில் ஊன்றிவிட்டது. ரூல்ஸ் ஆஃப் ஆரிஜினுக்குப் 'பிறப்பிட விதிகள்'. அப்புறம், போட்டி நாட்டுக்கும் அதே சலுகை கிடைத்து நம் அனுகூலம் குறைவதைச் 'சலுகைத் தேய்வு' எனலாம். 2020இல் ஐரோப்பாவுடன் வியட்நாமின் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது வங்கதேசம் கவலைப்பட்டது இதற்காகத்தான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "2010இல் இலங்கை ஐரோப்பியச் சந்தையில் கூடுதல் சலுகை நுழைவை இழந்தது, 2017இல் மீண்டும் பெற்றது." இடறவில்லை.

---

> 'சலுகை நுழைவு'

தனியே பார்த்தால் கண்காட்சிக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் கொடுப்பதாகத் தோன்றும். 'சலுகைச் சந்தை நுழைவு' என்று முதலில் முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். 'பிறப்பிட விதிகள்', 'சலுகைத் தேய்வு' இரண்டும் எனக்குச் சம்மதம்.