ஏற்காட்டில் ஆனியன் ரிங்ஸ் உடனே நமத்துப்போகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

மிளகுக்கொடி:
வணக்கம். ஒண்டிக்கடை பக்கம் வீடு. இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். தங்க வருகிறவர்கள் மாலையில் காபியோடு சூடாக ஏதாவது கேட்கிறார்கள். மிளகாய் பஜ்ஜியை ஏரிக்கரையிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள் என்பதால் ஆனியன் ரிங்ஸ் போடுகிறேன். சேலத்தில் அம்மா வீட்டில் இதே அளவில் போட்டால் சுமாராகவாவது வருகிறது. இங்கே தொல்லைதான்.

கடித்தால் வெங்காயம் மட்டும் முழுசாக உருவிக்கொண்டு வருகிறது, மாவு தனியாகக் கையில் நிற்கிறது. மேலே சீக்கிரம் சிவந்துவிடுகிறது, உள்ளே மாவு பிசுபிசுவென்று வேகாமல் இருக்கிறது. தப்பித்தவறி நன்றாக வந்த ரிங்கும் மேசைக்குப் போவதற்குள் தளர்ந்துவிடுகிறது.

என் செய்முறை: பல்லாரி வெங்காயத்தை வட்டமாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறிக் கால் மணி நேரம் வைப்பேன். ஒரு கப் மைதா, கால் கப் கார்ன்ஃப்ளார், சிட்டிகை சமையல் சோடா, தண்ணீர். அடுப்பை நன்றாக எரியவிட்டுப் பொரித்து, ஹாட்பாக்ஸில் போட்டு மூடி எடுத்துப் போவேன்.

அம்மாபேட்டை அக்கா:
இரண்டு ஸ்பூன் ரவை சேர்த்துப் பாரும்மா. சோடாவையும் கொஞ்சம் கூட்டு. கரகரவென்று வரும்.

தள்ளுவண்டி:
ரவை சரி. சோடாவைக் கூட்ட வேண்டாம் அக்கா. சோடா அதிகமானால் மாவு எண்ணெயைக் குடிக்கும், இன்னும் சீக்கிரம் சிவக்கும், நாக்கில் சோப்பு வாடை வேறு. அவர்களுக்கு ஏற்கெனவே மேலே சிவப்பதுதானே பிரச்சினை.

மிளகுக்கொடி, நீங்கள் பக்கோடாவுக்குச் செய்வதை ரிங்குக்குச் செய்கிறீர்கள். பக்கோடாவுக்கு உப்புப் போட்டுப் பிசைந்தால் வெங்காயம் நீர் விடும், அந்த நீரிலேயே கடலை மாவு பிடித்துக்கொள்ளும், அது நமக்கு வேண்டியது. ரிங்குக்கு அதே நீர்தான் எதிரி. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்பு பட்டதும் அது மேலே வந்து நிற்கும். அதன்மேல் மாவு எப்படி ஒட்டும்? எண்ணெயில் அந்த நீர் ஆவியாகி மாவை உள்ளிருந்து தள்ளிவிடும். கடித்தால் உருவிக்கொண்டு வருவது இதனால்தான். வெங்காயத்தில் உப்பே வேண்டாம். மாவில் கொஞ்சம் போட்டுவிட்டு, எடுத்த பிறகு சூட்டோடு மேலே தூவுங்கள். ஏற்காட்டு மிளகை இடித்துக் கூடவே தூவினால் மிளகாய்த்தூள்கூடத் தேவையில்லை.

இன்னொன்று, ஒவ்வொரு வளையத்தின் உட்பக்கமும் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சவ்வு இருக்கும். நகத்தால் கிள்ளி இழுத்தால் வந்துவிடும். அது இருந்தால் மாவு வழுக்கும். பத்துப் பேருக்குச் செய்யும்போது சலிப்பான வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டு மாவில் என்ன மாயம் செய்தாலும் பலன் இல்லை. உரித்த பிறகு துணியில் ஒற்றி, வெறும் மைதாவில் புரட்டி உதறிவிட்டு, அப்புறம்தான் கரைத்த மாவில் முக்க வேண்டும்.

ஹாட்பாக்ஸைத் தூக்கி வையுங்கள். சப்பாத்தி மிருதுவாக இருக்கக் கண்டுபிடித்த பாத்திரத்தில் மொறுமொறுப்பை வைத்து மூடினால் அது என்ன செய்யும்! ரிங்குக்குள் இருக்கும் ஆவி வெளியேற வழி வேண்டும். கம்பித் தட்டில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். செய்தித்தாளும் வேண்டாம், அடிப்பக்கம் வேர்த்துவிடும், அச்சு மையும் ஒட்டும்.

மிளகுக்கொடி:
சவ்வு விஷயம் யாரும் சொன்னதில்லை அண்ணா, ரொம்ப நன்றி. ஆனால் அம்மா வீட்டிலும் நான் சவ்வு உரிப்பதில்லையே. அங்கே உள்ளே வெந்துவிடுகிறதே, இங்கே மட்டும் ஏன் வேகவில்லை?

பழைய வாத்தியார்:
அதற்குக் காரணம் மலை. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும்போது வண்டியில் சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் கீழே 99 டிகிரியில் கொதித்தால் உங்கள் வீட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எண்ணெய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எண்ணெய் 180 டிகிரியில் இருந்தாலும், மாவுக்குள் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. ஆக உங்கள் மாவின் உட்புறம் 95 டிகிரியில்தான் வேகிறது. வெளிப்புறமோ எண்ணெய்ச் சூட்டில் வழக்கம்போலச் சிவக்கிறது. சிவந்துவிட்டதே என்று எடுத்துவிடுகிறீர்கள், உள்ளே பாதி வேக்காடு. தீயைக் குறைத்து, நேரத்தைக் கூட்ட வேண்டும். கீழே 180 என்றால் மேலே 170, 172 போதும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். விழுந்து, ஒரு கணம் தங்கி, சீராக நுரைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். விழுந்ததுமே சிவந்தால் சூடு அதிகம், அடியிலேயே கிடந்தால் குறைவு. ஒரே நேரத்தில் வாணலி நிறைய அடைக்கவும் கூடாது, சூடு படுத்துவிடும்.

லீ பஜார் மூட்டை:
சேலத்து ஆட்கள் கார்ன்ஃப்ளாரைத் தேடி அலைவதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் என்ன ஆயிற்று? செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் கேளுங்கள். கார்ன்ஃப்ளார் போடுகிற இடத்தில் அதே அளவு போடலாம்.

மிளகுக்கொடி:
வீட்டில் ஜவ்வரிசி நிறைய இருக்கிறது. அதை மிக்ஸியில் பொடித்துப் போட்டால் ஆகாதா?

லீ பஜார் மூட்டை:
அது வேறு. புவிசார் குறியீடு வாங்கிய நம் ஜவ்வரிசி இதே ஸ்டார்ச்சிலிருந்து வருவதுதான், ஆனால் ஈர ஸ்டார்ச்சை உருட்டி, சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். அதில் பாதி வெந்துவிடும். பொடித்துக் கரைத்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு கொழகொழக்கும். பாயசத்துக்கே வையுங்கள். பச்சை ஸ்டார்ச், வெள்ளையாக வழுவழுவென்று இருக்கும், அதைத்தான் சொல்கிறேன்.

தள்ளுவண்டி:
மரவள்ளி ஸ்டார்ச் நல்லதுதான், அளவோடு. கூடினால் சூட்டில் கண்ணாடி மாதிரி நொறுங்கும், ஆறியதும் பல்லில் இழுக்கும். அதனால் அரிசி மாவு கூட வேண்டும். மைதாவைக் குறைத்தால்தான் சரிவரும், மைதா பசை கட்டுகிற மாவு. நான் சொல்லும் கணக்கு: அரை கப் மைதா, கால் கப் பச்சரிசி மாவு, கால் கப் ஸ்டார்ச், அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு. தண்ணீருக்குப் பதில் குளிர்ந்த சாதா சோடா முக்கால் கப் அளவு. பன்னீர் சோடாவை ஊற்றிவிடாதீர்கள், ஒருவர் ஊற்றிவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். எண்ணெய் காய்ந்த பிறகுதான் கரைக்க வேண்டும். நாலு சுற்று கலக்கினால் போதும், சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். சோடாவின் காற்று போவதற்குள் முக்கிப் போடுங்கள்.

மேலே தூள் ஒட்ட வைப்பதானால் ரஸ்க் வேண்டாம். அதில் இனிப்பு இருக்கும், மறுபடி சீக்கிரம் சிவக்கும். பழைய பிரெட்டைக் காயவைத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள்.

மிளகுக்கொடி:
நேற்று சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்து பார்த்தேன். உருவிக்கொண்டு வருவது நின்றுவிட்டது. தீயைக் குறைத்ததில் உள்ளேயும் வெந்துவிட்டது, நிறமும் பொன்னாக வந்தது. கம்பித் தட்டில் வைத்தவரை நன்றாக இருந்தது. ஆனால் வந்தவர்கள் பனியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும் என்று தட்டைத் திண்ணைக்கு எடுத்துப்போனார்கள். அவர்கள் படம் எடுத்து முடிப்பதற்குள் தளர ஆரம்பித்துவிட்டது.

பழைய வாத்தியார்:
பனி இறங்கும் நேரத்தில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். காய்ந்த மேல்மாவு ஆற ஆற அதை உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுக்க மாவில் வழி இல்லை.

தள்ளுவண்டி:
மாவில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. இரண்டு முறை பொரியுங்கள். முதலில் 165 டிகிரியில் வெளிறிய நிறம் வரும்வரை பொரித்து, கம்பித் தட்டில் ஆற விடுங்கள். இதை விருந்தினர் குளித்துவிட்டு வருவதற்கு முன்பே முடித்துவிடலாம். அவர்கள் உட்கார்ந்த பிறகு எண்ணெயை 175க்கு ஏற்றி அரை நிமிடம் போட்டு எடுங்கள். ஆறும்போது வெங்காயத்து ஈரம் மேல்மாவுக்கு வந்திருக்கும், இரண்டாவது எண்ணெய் அதை விரட்டிவிடும். ஒரே தட்டாகக் குவித்துக் கொடுக்காமல் ஆறு ஆறாகக் கொடுங்கள். ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) இருந்தால் 100 டிகிரியில் கம்பி மேல் வைத்து, கதவைச் சற்றுத் திறந்து விடலாம்.

அம்மாபேட்டை அக்கா:
வெங்காயம் எதுன்னு யாரும் கேட்கலையே. மழைக்காலத்துப் புது வெங்காயம் என்றால் ஈரம் சொட்டும். தோல் சருகாகக் காய்ந்த பழைய வெங்காயமாகப் பொறுக்கி வாங்கு. கழுத்தை அமுக்கிப் பார், கெட்டியாக இருக்கணும்.

மிளகுக்கொடி:
சரிங்க அக்கா. நடுவில் வருகிற குட்டி வளையங்கள் நிறைய மிஞ்சுகின்றன, கரைத்த மாவும் மிஞ்சுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் போடலாமா?

தள்ளுவண்டி:
மாவு மறுநாளைக்கு ஆகாது, சோடா செத்திருக்கும். குட்டி வளையங்களைப் பொடியாக நறுக்கி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு மீதி மாவிலேயே போட்டு, இரண்டு ஸ்பூன் கடலை மாவு தூவிக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். அடியில் தங்கிய மாவுத் துணுக்குகளை மட்டும் முதலில் அரித்து எடுத்துவிடுங்கள். விட்டால் கருகி, எண்ணெய் மறுநாள் எதற்கும் உதவாது.