புதுப்பிப்பு: சீனாவின் சுவான்சோ நகரில் அந்த இந்துத் தூண்கள் எங்கே நிற்கின்றன?

முந்தைய இழையில் "கையுவான் கோயிலில் இந்துத் தூண்கள் உண்டு" என்று மட்டும் எழுதியது போதாது. முன்பக்கம் தேடினால் கிடைக்காது. இந்தப் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்புறம் போங்கள்: 16 பட்டைகள் கொண்ட இரண்டு தூண்கள், நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்டவை. இடிந்துபோன இந்துக் கோயிலிலிருந்து வந்த கற்கள். இந்நகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281. மிச்சச் சிற்பங்களுக்குக் கடல்சார் அருங்காட்சியகம்தான். அதற்கு அரைநாள் ஒதுக்கலாம், தப்பில்லை.

சுவான்சோவின் லுவோயாங் பாலத்துக்குக் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். நீர் ஏறியிருந்தால், சிப்பி வளர்த்துக் கற்களைப் பிணைத்த அடித்தளம் மூழ்கிக் கிடக்கும். 1059இல் முடிந்த பாலத்தின் சூட்சுமமே அதுதான்.

ரயில் முன்பதிவில் கவனம்: பெயர் ஒத்திருந்தாலும் குவாங்சோ வேறு மாகாணத்து நகரம். பக்கத்து நகரான ஷியாமென் வழியாக வருவதே சுலபம். அலிபேயில் (சீனாவின் கைபேசிக் கட்டணச் செயலி) வெளிநாட்டு அட்டையை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள். ஒரு முறை செலுத்தும் தொகை 200 யுவானுக்கு மேல் போனால் 3% கட்டணம் பிடிப்பார்கள்.